அப்டேட் வந்தது, நீட்சி நின்றது: உலாவி நீட்சிகள் உடைந்த வரலாறும் சரிசெய்யும் வழியும்



“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, இன்னைக்கு என்ன ஆச்சு?” கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் காலையில் ஆசிரியர் அறையில் எழும் கேள்வி இது. விளம்பரத்தைத் தடுத்த நீட்சியைக் காணோம். அகராதி காட்டிய நீட்சி சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது. உடனே நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. சில வேளை அதனால் சரியாகும். சில வேளை அதனாலேயே பல மாதமாகச் சேர்த்து வைத்த குறிப்புகள் மொத்தமும் போய்விடும்.

எப்போது என்ன செய்வது என்று தெரிய வேண்டுமானால், நீட்சி ஏன் உடைகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு வரலாறு நன்றாக உதவும். 2011, 2017, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் உலாவி நீட்சிகள் பெரிய அளவில் உடைந்தன. நான்கு முறையும் காரணம் வேறு வேறு; தீர்வும் வேறு வேறு. ஆனால் நான்குக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: உலாவி அந்த நீட்சிக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தது?

1. நீட்சி என்பது எது?

பேச்சில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று சொல்வதைத்தான் இங்கே நீட்சி என்கிறோம். உலாவியில் இல்லாத ஒரு வசதியைச் சேர்க்கும் சிறு நிரல் அது. அதை எழுதுபவர் பெரும்பாலும் உலாவி நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஓய்வு நேரத்தில் எழுதிய தனியாளாகக்கூட இருக்கலாம்.

இதைச் செருகுநிரலோடு குழப்பக் கூடாது. ஃபிளாஷ், ஜாவா போன்றவை செருகுநிரல்கள். உலாவிக்குப் பக்கத்தில் தனி மென்பொருளாக ஓடியவை. ஃபிளாஷ் ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது. அதை நம்பிச் செய்த பாடப் பயிற்சிகளும் விளையாட்டுகளும் அதோடு நின்றுபோனது பல ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். நீட்சியோ உலாவிக்கு உள்ளேயே குடியிருப்பது. அதனால்தான் உலாவி அசைந்தால் நீட்சியும் ஆடுகிறது.

2. சுவரையே இடிக்கலாம் என்றிருந்த காலம் (2004–2010)

மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளிவந்தது 2004 நவம்பர் 9. அன்று பெரும்பான்மையோர் கையில் இருந்தது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர். புதியவர் போட்டி போட உதவியவற்றுள் முக்கியமானது நீட்சி வசதி.

ஃபயர்ஃபாக்ஸின் பொத்தான், பட்டியல், சாளரம் எல்லாம் ‘சூல்’ என்ற ஒரு குறிமொழியில் எழுதப்பட்டிருந்தன. நீட்சியும் அதே மொழியில்தான் எழுதப்பட்டது. ஆகவே நீட்சிக்கும் உலாவிக்கும் நடுவே வேலி இல்லை. உலாவியின் எந்தப் பகுதியையும் நீட்சி மாற்றலாம். வாடகைக்கு வந்தவர் ஆணி மட்டுமல்ல, சுவரையே இடித்துப் புது அறை கட்டலாம் என்பது போன்ற சுதந்திரம்.

இந்தச் சுதந்திரத்தில் விளைந்தவை பல. வலைப்பக்கத்தின் உள்ளமைப்பைத் திறந்து காட்டிய ஃபயர்பக், விளம்பரத்தைத் தடுத்த ஆட்பிளாக், ஆபத்தான நிரல்களைத் தடுத்த நோஸ்கிரிப்ட் எல்லாம் இந்தக் காலத்தவை.

தமிழுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டைப் பயன்படுத்தின. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் இந்தச் சிக்கல் பேசப்பட்டது. இருந்தும், அந்தந்தத் தளத்தின் எழுத்துரு இல்லாதவருக்குப் பக்கம் முழுக்கப் புரியாத கோடும் புள்ளியுமாகத்தான் தெரியும். இங்கே கை கொடுத்தது ‘பத்மா’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி. தெலுங்கு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பழைய எழுத்துரு உரையைப் படிக்கும்போதே யுனிகோடாக மாற்றிக் காட்டியது. ஒரு சிறு நீட்சி நின்றுபோனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குப் பத்மா நல்ல பதில். பழைய குறியீட்டிலேயே கிடந்த தளங்களைப் படிக்க அது ஒரு கண்ணாடி.

3. முதல் உடைவு: 2011

அக்கால நீட்சி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு விவரக்கோப்பு இருந்தது. ‘நான் இந்தப் பதிப்பிலிருந்து இந்தப் பதிப்பு வரைக்கும் ஓடுவேன்’ என்று அதில் எழுதியிருக்கும். மேல் எல்லை தாண்டிய பதிப்பு வந்தால் ஃபயர்ஃபாக்ஸ் அந்த நீட்சியை முடக்கிவிடும்.

பெரிய பதிப்புகள் ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு வந்தவரை இது தாங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 4 வந்தது 2011 மார்ச் 22. அதன் பிறகு மொசில்லா வேக வெளியீட்டுக்கு மாறியது. பதிப்பு 5 ஜூன் 21-இல் வந்துவிட்டது. அடுத்தடுத்தவை ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒன்று. நிரலில் உண்மையான கோளாறே இல்லாவிட்டாலும், விவரக்கோப்பில் எண் மாறாததால் நீட்சிகள் நின்றன. சில பயனர்கள் கோப்பைத் திறந்து எண்ணை மட்டும் உயர்த்தி ஓட்டினார்கள். பல வேளைகளில் அதுவே போதுமானதாகவும் இருந்தது!

இதைக் கவனித்த மொசில்லா, 2012 ஜனவரி 31-இல் வந்த பதிப்பு 10-இல் விதியைத் திருப்பிப் போட்டது. அதுவரை ‘பொருந்தும் என்று சொல்லாவிட்டால் பொருந்தாது’. அதற்குப் பின் ‘பொருந்தாது என்று தெரியாதவரை பொருந்தும்’. பெரும்பாலான நீட்சிகளுக்கு இந்த விதி செல்லும். எண் தொல்லை குறைந்தது. ஆனால் மூலச் சிக்கல் அப்படியே இருந்தது: உலாவியின் உள்சுவர்கள் எதையும் மாற்ற மாட்டோம் என்று மொசில்லா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

4. வேறொரு வழி: எழுதி வைத்த ஒப்பந்தம்

கூகுளின் குரோம் 2008 செப்டம்பரில் வந்தது. அதன் பொதுப் பதிப்பில் நீட்சி வசதி சேர்ந்தது 2010 ஜனவரியில். அதன் அடிப்படையே வேறு. குரோம் நீட்சி உலாவியின் உள்ளே கை வைக்க முடியாது. உலாவி திறந்து வைத்திருக்கும் சில கதவுகள் வழியாக மட்டுமே வேலை செய்யலாம். எந்தக் கதவு வேண்டும் என்பதை ‘மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் நிறுவும்போது வரும் அனுமதிக் கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது.

இதனால் நீட்சிகளின் வல்லமை குறைந்தது, ஆயுள் கூடியது. உள்ளே எவ்வளவு மாற்றினாலும், கதவுகள் அதே இடத்தில் இருக்கும்வரை நீட்சி ஓடும். இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களுள் ஒருவர் ஏரன் பூட்மன். ஃபயர்ஃபாக்ஸுக்குக் ‘கிரீஸ்மங்கி’ என்ற புகழ்பெற்ற நீட்சியை எழுதியவரும் இவரே.

5. இரண்டாம் உடைவு: 2017 நவம்பர் 14

பழைய முறையை மாற்றப் போவதாக மொசில்லா 2015 ஆகஸ்டில் அறிவித்தது. குரோம் முறையை ஒட்டிய ‘வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற அமைப்புக்கு எல்லா நீட்சிகளும் மாற வேண்டும். காரணங்கள் மூன்று.

முதலாவது, வேகம். ஃபயர்ஃபாக்ஸ் முழுவதும் ஒரே செயலாக்கத்தில் ஓடியது. ஒரு பக்கம் தொங்கினால் உலாவியே தொங்கும். அதைப் பல செயலாக்கங்களாகப் பிரிக்க முயன்றபோது, உள்ளே கை விட்டிருந்த பழைய நீட்சிகள் குறுக்கே நின்றன.

இரண்டாவது, பாதுகாப்பு. எல்லாவற்றையும் தொடக்கூடிய நீட்சி தீயவர் கையில் கிடைத்தால் கடவுச்சொல் முதல் எல்லாம் போகும்.

மூன்றாவது, பராமரிப்பு. உலாவியின் உள்ளே எதைத் தொட்டாலும் எங்கோ ஒரு நீட்சி உடைந்தது. சுவரை நகர்த்தவே முடியாத வீட்டைப் புதுப்பிப்பது எப்படி?

அறிவித்தபடியே, 2017 நவம்பர் 14-இல் வந்த பதிப்பு 57, பழைய முறை நீட்சிகளை ஒரேயடியாக நிறுத்தியது. உலாவி வேகமானது; அதைப் பலர் பாராட்டினர். ஆனால் நட்டம் எல்லார் மேலும் சமமாக விழவில்லை. பலர் கவனிக்கும் நீட்சிகள் பெரும்பாலும் தப்பின. நோஸ்கிரிப்ட் சில நாள் தாமதமாகப் புது வடிவில் வந்தது. டவுன்தெம்ஆல் பின்னர்ப் புதிதாக எழுதப்பட்டு, சில வசதிகளை இழந்து திரும்பியது. உலாவியின் தாவல்களையே மாற்றியமைத்த டேப் மிக்ஸ் பிளஸ் போன்றவற்றுக்குப் புதிய ஒப்பந்தத்தில் இடமே இல்லை. பத்மா போல, ஒரு மொழியாருக்காக ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் பராமரித்தவையும் அதே பழைய முறையில் எழுதப்பட்டவைதான். மறுபடி எழுத ஆள் இல்லாத நீட்சிக்கு இரண்டாண்டு முன்னறிவிப்பால் பயனில்லை.

ஆப்பிள் உலகிலும் இதே போக்கு. மேக் கணினிகளின் மொஹாவி இயங்குதளத்தோடு 2018-இல் வந்த சஃபாரி 12, பழைய முறை நீட்சிகளை ஒதுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சஃபாரி 13 அவற்றை முற்றிலும் கைவிட்டது. ‘கணினியை அப்டேட் பண்ணேன், உலாவியில இருந்தது போச்சு’ என்று அன்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

6. மூன்றாம் உடைவு: 2019 மே 4, சனிக்கிழமை

இந்த முறை யாரும் எதையும் புதுப்பிக்கவில்லை. அதுதான் வியப்பு.

தீய நீட்சிகளைத் தடுக்க, 2016 முதல் ஃபயர்ஃபாக்ஸின் பொதுப் பதிப்பு மொசில்லாவின் மின்னொப்பம் உள்ள நீட்சிகளை மட்டுமே ஏற்றது. ஒப்பத்தை நம்பலாம் என்பதற்கு ஒரு சான்றிதழ்ச் சங்கிலி இருக்கும்: அடியில் மூலச் சான்றிதழ், நடுவில் ஓர் இடைநிலைச் சான்றிதழ், முனையில் ஒவ்வொரு நீட்சிக்கும் உரியது. நடுவில் இருந்த அந்த ஒன்றின் காலம் மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி மே 4 காலை 8 மணி கடந்ததும் முடிந்தது. அதைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒப்பங்களைச் சரிபார்க்கும். ஆகவே எல்லாருக்கும் ஒரே நொடியில் நிற்கவில்லை. ஒருவருக்குக் காலையில், ஒருவருக்கு மாலையில் என்று உலகம் முழுக்க நீட்சிகள் முடங்கின. நீட்சிகளில் ஒரு குறையும் இல்லை. காலாவதியான ஒரு தாள்தான் குறை. சாலை வரி காலாவதியான காரைப் போல. இஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். சாலையில் ஓட்ட முடியாது.

பாதிப்பு எல்லாருக்கும் ஒன்றா? விளம்பரத் தடுப்பு நின்றவருக்குத் தொல்லை. ஃபயர்ஃபாக்ஸை அடிப்படையாகக் கொண்ட டோர் உலாவியில் நோஸ்கிரிப்ட் நின்றபோது, அடையாளம் மறைத்து இணையத்தைப் பயன்படுத்த வேண்டியவர்களின் ஒரு பாதுகாப்பு அரணே விழுந்தது.

மொசில்லா பொறியாளர்கள் புதிய இடைநிலைச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கினார்கள். இணையத் தொடர்பே இல்லாமல் பூட்டி வைத்திருந்த மூலச் சாவியை அதற்காக எடுக்க வேண்டியிருந்தது. சோதனைகளை அனுப்பும் ‘ஸ்டடீஸ்’ என்ற வழியில் 12 மணி நேரத்துக்குள் முதல் திருத்தம் போனது. மே 5-இல் பதிப்பு 66.0.4 வந்தது. அந்த வழியைத் தனியுரிமைக்காக அணைத்து வைத்திருந்தவர்கள் திருத்தம் பெறுவதற்காக அதைத் திறக்க வேண்டியிருந்தது. அவர்கள் விருப்பத்தை மதித்து, மே 4 முதல் 11 வரை அந்த வழியில் சேர்ந்த பயனர் தரவை மொசில்லா பின்னர் அழித்தது.

நமக்கு முக்கியமான பாடம் இதில்தான் இருக்கிறது. ‘நீட்சியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள், அதன் தரவு அழிந்துவிடும்’ என்று மொசில்லா எச்சரித்தது. பொறுத்திருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு நீட்சிகள் தானாகத் திரும்பின. அவசரப்பட்டவர்கள் நீட்சியில் சேமித்திருந்ததை இழந்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2025 மார்ச் 14-இல் மொசில்லாவின் பழைய மூலச் சான்றிதழும் காலாவதியானது. இந்த முறை முன்கூட்டியே எச்சரித்தார்கள். பதிப்பு 128-க்கோ, நீண்டகால ஆதரவுப் பதிப்பு 115.13-க்கோ மாறாதவர்கள்தான் பாதிப்புக்கு உள்ளாக நேர்ந்தது. பழைய கணினிகளோடு காலம் தள்ளும் பள்ளிக் கூடங்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

7. நான்காம் உடைவு: 2024–2025

எழுதி வைத்த ஒப்பந்தத்தையே மாற்றினால்? குரோமில் நடந்தது அதுதான். ‘மேனிஃபெஸ்ட் 3’ என்ற புதிய விதிமுறையை கூகுள் 2018-இல் முன்வைத்தது. 2021 ஜனவரியில் குரோம் 88-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

மாற்றங்களுள் இரண்டைச் சொன்னால் போதும். ஒன்று, நீட்சி வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டக் கூடாது. மற்றொன்று, பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்துத் தடுக்கும் வசதி பறிபோனது. என்னென்ன தடுக்க வேண்டும் என்ற பட்டியலை முன்பே கொடுத்துவிட வேண்டும். தடுப்பது உலாவியின் வேலை.

பாதுகாப்பே காரணம் என்றது கூகுள். அந்தக் கவலைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைத்த ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ நீட்சியை 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தனர். 2020-இல் அது அடையாளம் தெரியாத தரப்புக்குக் கைமாறியது. தீய நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. உறங்கிக்கொண்டிருந்த தாவல்களைத் திறக்க முடியாமல் பலர் தவித்தனர்.

மறுபக்க வாதமும் வலுவானது. விளம்பர வருமானத்தில் வாழும் நிறுவனம் விளம்பரத் தடுப்பை வலுவிழக்கச் செய்கிறதே என்று கேட்டார்கள். யூபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில் 2019-லேயே ஆட்சேபம் தெரிவித்தார். புதிய விதிக்குள் அடங்கும், வல்லமை குறைந்த ‘லைட்’ வடிவத்தையும் பின்னர் வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸோ புதிய விதிமுறையை ஏற்றும் பழைய தடுப்பு வசதியை விட்டுவிடவில்லை.

பல முறை தள்ளிப்போன பிறகு, 2024 ஜூனில் சோதனைப் பதிப்புகளில் எச்சரிக்கை வந்தது. அக்டோபரில் பொதுப் பதிப்பில் முடக்கம் தொடங்கியது. 2025 நடுப்பகுதியில், பழைய நீட்சியை மறுபடி இயக்கும் வழிகளும் மூடப்பட்டன. இதற்கிடையே 2021-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் நீட்சிகளுக்குப் பொது விதி காண ஒரு குழுவில் சேர்ந்தன. ஒப்பந்தத்தை ஒரே வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு மாற்றாமலிருக்க அது ஒரு தொடக்கம்.

8. வரலாறு காட்டும் பழுதுபார்ப்பு முறை

நீட்சி நின்றுவிட்டதா? முதலில் எதையும் நீக்காதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

அ. உலாவியின் நீட்சிப் பக்கத்தைத் திறந்து, அங்கே எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘சரிபார்க்க முடியவில்லை’ என்றால் 2019 வகை. கணினியின் தேதியைச் சரிபார்த்து, உலாவியைப் புதுப்பித்துப் பொறுத்திருங்கள். ‘ஆதரவு இல்லை’ என்றால் 2017, 2024 வகை. காத்திருந்து பயனில்லை.

ஆ. புதுப்பித்த நீட்சி கூடுதல் அனுமதி கேட்கிறதா? நாம் ஒப்புக்கொள்ளும்வரை குரோம் அதை நிறுத்தி வைக்கும். படித்துப் பார்த்து முடிவெடுங்கள். அகராதி நீட்சி எல்லாத் தளத்தின் தரவையும் மாற்ற அனுமதி கேட்டால், ஏன் என்று யோசியுங்கள்.

இ. ஏற்றுமதி வசதி இருந்தால், வேறு எதையும் தொடும் முன் தரவைக் கோப்பாக எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகுதான் நீக்குவதும் நிறுவுவதும்.

ஈ. எழுதியவர் கைவிட்ட நீட்சி என்றால், மாற்று தேடுங்கள். பெயர் ஒத்த போலிகள் உண்டு. வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். பழைய நீட்சிக்காகப் பழைய உலாவியிலேயே தங்கிவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத உலாவியில் மாணவர் மதிப்பெண்ணையும் கடவுச்சொல்லையும் வைப்பது ஆபத்து.

உ. இயங்குதளத்தையும் பாருங்கள். விண்டோஸ் 7, 8 கணினிகளில் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 115-க்கு மேல் போகாது. அங்கே நீட்சியைப் பழுதுபார்த்துப் பயனில்லை.

ஊ. பள்ளிக் கணக்கில் நுழைந்திருந்தால், நீட்சியை அனுமதிப்பதும் தடுப்பதும் நிர்வாகி கையில் இருக்கலாம். அவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை.

9. முடிவுரை

எல்லையற்ற சுதந்திரம் தந்த முறை நிலைக்கவில்லை. பாதுகாப்புக்காக வந்த மின்னொப்பம் ஒரு நாள் எல்லாரையும் பூட்டியது. எழுதி வைத்த ஒப்பந்தமும் எழுதியவர் கையால் மாறியது. பல பேர் நம்பியிருந்த நீட்சிகள் பெரும்பாலும் எழுந்து நின்றன. சிலருக்காகச் சிலர் செய்தவை பல வேளை விழுந்தன. தமிழ் போன்ற மொழிகளுக்கான கருவிகள் இரண்டாம் வகையிலேயே பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் எழுதியவருக்குப் பிழையைத் தெரிவிக்கலாம், சோதித்துச் சொல்லலாம். நிரல் கற்கும் மாணவர்கள் கைவிடப்பட்ட ஒன்றைப் புதிய விதிக்கு மாற்றி எழுதலாம். ஒரு நீட்சிக்கு ஆயுள் கூட்ட அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

தேர்வு மாணவர்களுக்கு

வரலாற்றுக் கட்டுரையில் காரணம், நிகழ்வு, விளைவு என்று பிரித்து எழுதினால் மதிப்பெண் சிதறாது. ‘புதுப்பிப்பால் உடைந்தது’ என்பது நிகழ்வு மட்டுமே. காரணம் அதற்கு முன்பே இருக்கிறது. கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகுங்கள்.

1. ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய நீட்சிகளை நிறுத்தியதற்கான மூன்று காரணங்களை விளக்குக.
2. 2011-இன் உடைவும் 2019-இன் உடைவும் எவ்வகையில் ஒத்தவை? எவ்வகையில் வேறுபட்டவை?
3. மின்னொப்பம் பாதுகாப்பும் தந்தது, பாதிப்பும் தந்தது. 2019 மே 4 நிகழ்வைச் சான்றாகக் காட்டி ஆராய்க.
4. உயர்நிலைச் சிந்தனை: நீட்சிகளுக்கான விதியை வகுக்கும் உரிமை உலாவி நிறுவனத்துக்கு மட்டுமே இருக்க வேண்டுமா? உங்கள் கருத்தைச் சான்றுகளோடு நிறுவுக.